மரத்தடியில நில்லு, கூப்பிடுறேன்

வாங்க சார், வாங்க. இப்படி ஜன்னலோரமா உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். ஆள் வருதுன்னு சும்மா போட்டு வச்சது, யாரும் வரலை. இப்ப ஒருத்தன் வந்து கேட்டான், கைலியும் தோள்ல துண்டுமா. அவன்கிட்டத்தான் ஆள் வருதுன்னு சொன்னேன். அந்தா, கடைசியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க. நிக்கட்டும். நின்னு பழகுன காலு அது. உங்களைப் படியில ஏறும்போதே பாத்துட்டேன். நான் மொதல்ல காலைத்தான் பாப்பேன். நல்ல ஷூ, பாலிஷ் போட்டது. சரி, நம்ம பக்கத்துல உக்கார வேண்டிய ஆளுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

சிரிக்காதீங்க சார். இருபத்தாறு வருசம் கோர்ட்டுல டவாலி நான். வெள்ளை உடுப்பு, குறுக்கே செகப்புப் பட்டை, நெஞ்சுல பித்தளை வில்லை. வாசல்ல நின்னு மூணு தடவை பேரைக் கூப்பிட்டா, ரோட்டுக்கு எதுத்தாப்புல டீ குடிச்சுக்கிட்டு இருக்கிறவன் கிளாஸை வச்சுட்டு ஓடியாருவான். ஒருத்தன் காலைப் பாத்தே சொல்லிருவேன், சொத்துக் கேசா, சாராயக் கேசா, பொண்டாட்டி கேசான்னு. எந்த வக்கீலுக்கு இந்த அறிவு இருக்கு? ஒருத்தனுக்கும் கிடையாது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு வேத்து விறுவிறுத்துத் திரிவாய்ங்க, அவ்வளவுதான்.

இப்ப எங்க போறேன்னு கேக்குறீங்களா? மலையடிவாரத்துல ஒரு கோர்ட்டு இருக்கு. அங்க பழைய கேஸுக் கட்டு அடுக்கி வைக்கிற ரூம்பு. எலிப் புழுக்கையைக் கூட்டி அள்ளுறதுதான் இப்ப என் உத்தியோகம். அதுக்குத்தான் தினமும் இந்த டப்பா பஸ்ஸு. அங்க தூக்கிப் போட்டுட்டாய்ங்க சார் என்னைய. எதுக்குன்னு கேட்டீங்கன்னா காறித் துப்புவீங்க. ஒரு பொம்பளை மரத்தடியில நின்னா. அவ நின்னதுக்கு எனக்குத் தண்டனை!

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். ரிட்டயர்டு ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குங்கிற நேரத்துல என்னையச் சின்னப் பசங்க கோர்ட்டுக்கு மாத்துனாய்ங்க. கோர்ட்டுன்னு சொல்லக்கூடாதாம். குழுமமாம். குற்றவாளின்னு சொல்லக்கூடாதாம். கூண்டு கிடையாது. போலீசு காக்கி போட்டு வரக்கூடாது. என் செகப்புப் பட்டையையும் கழட்டி வைக்கச் சொல்லிட்டாய்ங்க, பிள்ளைங்க பயந்துக்குமாம். திருடும்போது பயப்படாத பிள்ளைங்க என் பட்டையைப் பாத்துப் பயந்துருமாம்! செவுத்துல யானையும் முயலும் வரைஞ்சு வச்சிருக்கு. மாஜிஸ்ட்ரேட் அம்மா நடுவுல, ரெண்டு பக்கமும் சமூக சேவை பண்றவங்கன்னு ரெண்டு பேரு. ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, அவரு பாதி நேரம் தூங்குவாரு. இன்னொன்னு ஒரு அம்மா, பசங்களுக்கு பிஸ்கட்டு வாங்கிக் குடுக்கும். இதுதான் நீதி.

எல்லாத்தையும் விட வயித்தெரிச்சல் என்னன்னா, சத்தம் போட்டுப் பேரு கூப்பிடக்கூடாதுன்னுட்டாங்க. பிள்ளைங்க பேரு நாலு பேருக்குத் தெரியக்கூடாதாம். கிட்டப் போய் மெதுவாச் சொல்லிக் கூட்டியாரணுமாம். என்கிட்ட! என் தொண்டையை நம்பித்தானே சார் எனக்கு வேலையே குடுத்தாய்ங்க. பாடுறவனைப் பிடிச்சு முணுமுணுக்கச் சொன்னா எப்படி இருக்கும்? சரி போ, உங்க சட்டம் உங்களோடன்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா அந்த இடத்துல ஒரு ஒழுங்கைக் கொண்டாந்தது நாந்தான். உள்ள ஹால்ல கொஞ்சம் நாற்காலிதான் கிடக்கு. வர்ற கூட்டத்தை எல்லாம் உள்ள விட்டா வெத்தலை எச்சியும் வேர்வை நாத்தமுமா ஆயிரும். அதனால வாசப்படியில நான் நின்னுக்குவேன். ஆளைப் பாப்பேன், காலைப் பாப்பேன். உள்ள உக்கார வேண்டியவங்களை, 'வாங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க'ன்னுருவேன். மத்ததுகளைப் பாத்து, 'மரத்தடியில நில்லு, கூப்பிடுறேன்'. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வாகைமரம் இருக்கு, நல்ல நெழலு. யாரும் எழுதிக் குடுத்த சட்டம் இல்லை இது, நானா வச்ச ஏற்பாடு. ஒரு பய மறுத்துப் பேசுனதில்லையே? எந்தச் சாதி, எந்தத் தெருன்னு நான் ஒருத்தரையும் கேட்டதில்லை சார். அந்தப் புத்தியே எனக்குக் கிடையாது. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

போன மாசி மாசம் ரெண்டு பசங்களைக் கொண்டாந்தாய்ங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளாசு, பன்னெண்டாவது. காய்கறிக் கடைக்காரன் ஒருத்தன் சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போயிருக்கான். இவய்ங்க எடுத்துக்கிட்டு டேம் வரைக்கும் போய் ஊரைச் சுத்திட்டு, திரும்பி வரயில பெட்ரோல் தீந்துபோச்சு. வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தப்ப போலீசு பிடிச்சிருச்சு. இதுல ஒருத்தன் பேங்க் மேனேஜர் மகன். பேரைச் சொல்லக்கூடாது சார், சட்டம் இருக்கு, நல்ல குடும்பத்துப் பிள்ளை, நாளைக்கு நாலு எடத்துக்குப் போக வேண்டியவன். இன்னொருத்தன் அறிவழகன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனி இருக்கு பாருங்க, அங்க ரெண்டாவது தெரு. அறிவழகனாம்! வச்சிருக்காய்ங்க பாருங்க பேரு.

வண்டியை ஓட்டுனது மேனேஜர் மகன்தான். இவன் பின்னாடி உக்காந்துக்கிட்டுப் போனவன். ஆனா அதுவா முக்கியம்? எவன் சேர்க்கையில எவன் கெட்டான்னு பாக்கணும்ல. காலைப் பாத்தேன். மேனேஜர் மகன் கால்ல கேன்வாஸ் ஷூ. இவன் கால்ல ரப்பர் செருப்பு, ஒரு வாரு அந்து ஊக்கு குத்தி வச்சிருந்தான். எனக்குக் கதை புரிஞ்சுபோச்சு.

அன்னைக்குக் காலையில இவன் ஆத்தாகாரி வந்திருக்கா. பேரு வெள்ளத்தாயி. பூ எடுக்கிற வேலையாம், விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போய் மல்லிகைப்பூ எடுத்துட்டு அப்படியே ஓடியாந்திருக்கா. கையில ஒரு ஒயர் கூடை. வாசப்படிக்கு வந்து செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, 'சார், எம்மவன்...'னு ஆரம்பிச்சா. நான் வழக்கம் போல, 'மரத்தடியில நில்லு, கூப்பிடுறேன்'னு சொல்லிருப்பேன். சொல்லிருப்பேன்னுதான் சொல்றேன். தெனம் எத்தனை பேருகிட்ட சொல்றது, எவளை ஞாபகம் வச்சுக்கிறது? அவளும் சரிங்க சார்னுட்டுப் போயிட்டா.

மேனேஜரு சொன்ன நேரத்துக்கு வரலை. பெரிய மனுசன், ஆயிரம் சோலி இருக்கும். பையன் முறை வர்ற நேரமாச்சு, ஆளைக் காணோம். எனக்குப் பதட்டமாப் போச்சு. மாஜிஸ்ட்ரேட் அம்மாகிட்டப் போய், 'வந்துக்கிட்டே இருக்காங்கம்மா, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டுக்கலாம்மா'ன்னு நானே சொல்லி வச்சேன். அம்மாவும் சரின்னுட்டாங்க. வாசலுக்கும் கேட்டுக்குமா ரெண்டு தடவை ஓடுனேன் சார், முழங்கால் வலியோட. இதுக்கு அவர்கிட்ட ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை. சத்தியமா இல்லை. நம்மகிட்ட அந்தப் பழக்கமே கிடையாது.

ரெண்டு தடவையும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். ரெண்டு தடவையும் இவ கூடையைத் தூக்கிக்கிட்டு ஒரு எட்டு முன்னாடி வந்திருக்கா, நான் கூப்பிடத்தான் வர்றேன்னு நினைச்சு. இது அவ பின்னாடி சொன்னது. நான் என்னத்தைக் கண்டேன்? நான் காரைத் தேடிக்கிட்டு ஓடுறேன்.

ஒருவழியா கார் வந்துச்சு. மேனேஜரும் வீட்டம்மாவும் இறங்குனாங்க. அந்தம்மா கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்துச்சு, எனக்கே மனசு என்னமோ பண்ணிருச்சு. நேரா உள்ள கூட்டிட்டுப் போனேன். நன்னடத்தை அலுவலருன்னு ஒருத்தர் இருக்காரு. வீட்டுக்குப் போய் விசாரிச்சுச் சொல்றது அவர் வேலை. வீட்டுக்கெல்லாம் அவரு எங்க போனாரு? 'தெரிஞ்ச குடும்பம்மா, நல்ல சூழ்நிலை'ன்னு நின்ன எடத்துலயே சொல்லிட்டாரு. மாஜிஸ்ட்ரேட் அம்மா அந்தப் பையனைப் பாத்து, 'படிக்கிற பிள்ளை இப்படிப் பண்ணலாமா?'ன்னு கேட்டாங்க. அவன் அழுதான். அந்த பிஸ்கட்டு அம்மாவும் கண்ணைத் தொடைச்சுச்சு. அப்பா அம்மா பொறுப்புல கூட்டிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாங்க.

அடுத்து இவன். வராந்தாவுல பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன். நான் போனதும், 'சார், எங்கம்மா அந்தா மரத்தடியில நிக்கிது, கூப்பிடுங்க சார். வியாழக்கிழமை எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இருக்கு சார், விட்டா இந்த வருசமே போயிரும்'னான். என்னையவே ஏவுறான் பாருங்க, வேலைக்காரனை ஏவுற மாதிரி! 'கூப்பிடுற நேரத்துல கூப்பிடத் தெரியும்டா, வாயை மூடிக்கிட்டு வா'ன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா தலையை நிமித்தாம, 'இவனுக்கு யாரு வந்திருக்கா?'ன்னு கேட்டாங்க. இவன் மெதுவா, 'எங்கம்மா...'ன்னான். வாயைத் தொறந்து சத்தமாச் சொல்லத் துப்பில்லை. நான், 'யாரும் வரலைங்கம்மா'ன்னு சொன்னேன். நம்ம குரலைப் பத்தித்தான் சொன்னேனே, கணீர்னு விழுந்துச்சு. அவன் சொன்னது யாருக்குக் கேக்கும்?

அப்படிப் பாக்காதீங்க சார். சாப்பாட்டு நேரம். வெளிய வெயிலு மண்டையைப் பொளக்குது. மேனேஜருக்காக ஓடி ஓடி முழங்கால் விட்டுப்போச்சு. மரத்தடியில நாலஞ்சு பொம்பளைங்க நிக்கிது, அதுல எவ இவனைப் பெத்தவன்னு நான் மோப்பம் பிடிக்கவா முடியும்? அக்கறை இருக்கிறவ படியேறி உள்ள வந்திருக்க மாட்டாளா? சரி, என்னைய விடுங்க. அம்மா உக்காந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்துலதான் ஜன்னலு. தலையை ஒரு திருப்பு திருப்புனா மரம் தெரியும். திருப்புனாங்களா? நன்னடத்தை அலுவலரு, 'அந்தக் காலனின்னா கொஞ்சம் யோசிக்கணும்மா, சூழ்நிலை சரியில்லை'ன்னாரே, காலனிக்குள்ள அவரு ஒரு நாளாவது கால் வச்சிருப்பாரா? வாத்தியாரு தூங்கிட்டாரு. பிஸ்கட்டு அம்மா பையில கையை விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து அவன்கிட்ட நீட்டுச்சு. அவன் வாங்கலை. திமிரு பாருங்க. கூட்டிட்டுப் போகப் பெத்தவங்க வரலை, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புன்னு எழுதிட்டாங்க.

பின்னாடி வழியா வேன் போயிருச்சு. சாயங்காலம் கேட்டைப் பூட்டப் போனேன். இவ ஒருத்தி மட்டும் மரத்தடியில நிக்கிறா. 'இங்க என்ன வேலை, போ போ'ன்னேன். 'எம்மவனை எப்ப சார் கூப்பிடுவாங்க?'ன்னு கேக்குறா. 'எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா, அவனைக் கொண்டுபோய் அரை நாளாச்சு'ன்னேன். அப்படியே உக்காந்துட்டா. கூடை சரிஞ்சு அதுல இருந்த துணி மண்ணுல விழுந்துச்சு. அவன் பள்ளிக்கூட யூனிபார்மு, தேச்சு மடிச்சது. அங்கேருந்து நேரா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு கொண்டாந்திருக்கா. நான்கூட ஒரு நிமிசம் பாவம்னு நினைச்சேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா கேட்டைப் பூட்டணுமே. எந்திரிச்சுப் போம்மான்னு சொல்லிட்டுப் பூட்டிட்டேன்.

வியாழக்கிழமை பிராக்டிகல் போச்சு. மேனேஜர் மகன் போய்ச் செஞ்சுட்டு வந்துட்டான். இவனைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர அங்க ஆளில்லையாம்.

அடுத்து இவன் முறை வந்த அன்னைக்கு நடந்தது இருக்கு பாருங்க, ஆத்தாடி! நான் வாசப்படியில நிக்கிறேன். வெள்ளத்தாயி வர்றா. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள என்னையத் தாண்டி உள்ள போயிட்டா சார். கூப்பிடாம! கால்ல மண்ணோட! இருபத்தாறு வருசத்துல என்னையத் தாண்டி எவனும் அப்படிப் போனதில்லை. நேரா அம்மா மேசைக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டா.

'நான் அன்னைக்கும் வந்தேன் தாயி'ங்கிறா. 'இந்த சாருதான் மரத்தடியில நிக்கச் சொன்னாரு. கூப்பிடுறேன்னாரு. கூப்பிடுற நேரத்துல இல்லாமப் போயிருவமோன்னு தண்ணி குடிக்கக்கூட நகரலை. எம்மவன் அந்த ஜன்னல் வழியா என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தானாம். இத்தனை பேரு இருக்கீங்களே, நான் ஒருத்தி நிக்கிறது யாரு கண்ணுக்கும் தெரியலையா?'

அம்மா முகம் செத்துப்போச்சு. ஜன்னலைத் திரும்பிப் பாத்தாங்க, அன்னைக்குத்தான் மொத தடவை. அப்புறம் என் பக்கம் திரும்பி, 'கூப்பிட்டீங்களா?'ன்னு கேட்டாங்க. நானும் விடுவேனா? 'மெதுவாக் கூப்பிட்டேன்மா. சத்தமாக் கூப்பிடக்கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க'ன்னேன். எப்படி? அவங்க உத்தரவையே எடுத்து நீட்டுனேன்ல! இவனை அன்னைக்கே ஆத்தாகூட அனுப்பி வச்சாங்க. போகும்போது அவன் என்னையப் பாத்த பார்வை இருக்கே, வளர்ப்பு சரியில்லைங்கிறது அதுலயே தெரிஞ்சுச்சு. ஒரு வாரத்துல எனக்கு மாறுதல் உத்தரவு வந்துருச்சு.

எனக்கு மட்டும்! அதுதான் சார் என் கேள்வி. தலையை நிமித்தாத அம்மா அதே நாற்காலியில இருக்காங்க. தூங்குன வாத்தியாரு தூங்குறாரு. அந்த அலுவலருக்குப் பதவி உயர்வாம். படிச்சவங்க எல்லாரும் தப்பிச்சாச்சு. டவாலிதானே, இளிச்சவாயன், தூக்கி எலி ரூம்புல போடு. ஏழைன்னா எப்படி வேணா நடத்தலாம், பாத்தீங்களா? கேக்க நாதியில்லை.

அந்தப் பயலா? இப்ப வாழைக்காய் மண்டியில தார் தூக்குறான். துணைத் தேர்வு இருக்குன்னு அவங்க வாத்தியாரு வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாராம், மாட்டேன்னுட்டானாம். நான் அன்னைக்குக் காலைப் பாத்ததுமே நினைச்சேன், இது படிக்கிற காலு இல்லைன்னு. நான் சொன்னா அது தப்பாது சார். மேனேஜர் மகன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேந்துட்டான். நல்லா இருக்கட்டும், என் கையாலதான் நடந்துச்சு.

என் குறை எல்லாம் ஒண்ணுதான். குரலு வீணாப் போகுது. அந்த ரூம்புல யாரைக் கூப்பிடுறது? எலியையா? வீட்டுலயும் நான் வாயைத் தொறந்தா, 'மெதுவாப் பேசுங்க, இது கோர்ட்டு இல்லை'ங்கிறா பொண்டாட்டி. தொண்டை இன்னும் அப்படியேதான் இருக்கு சார். நம்ப மாட்டீங்க. கூப்பிட்டுக் காட்டவா? பஸ்ஸா இருந்தா என்ன, எனக்கென்ன வெக்கம். இருங்க, செருமிக்கிறேன்.

வெள்ளத்தாயி! வெள்ளத்தாயி! வெள்ளத்தாயி!

பாத்தீங்களா? டிரைவரே திரும்பிட்டான். கண்டக்டரு விசிலை வாயில வச்சுட்டான். அட, யாரும் இறங்கலைப்பா, நீ போ! பின்னாடி நிக்கிற அந்தத் துண்டுக்காரனும் எட்டிப் பாக்குறான் பாருங்க. இந்த இரைச்சல்லயே கடைசி வரைக்கும் போகுதுல்ல குரலு? அந்த மரம் அவ்வளவு தூரம்கூட இல்லை சார். கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதா? நல்லாக் கேட்டிருக்கும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தாக்கூடப் போதும், ஓடியாந்திருப்பா.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? உங்க ஊரு இன்னும் வரலையே? பின்னாடி எதுக்குப் போறீங்க? சார்... அங்க நிக்கத்தானே சார் இடம் இருக்கு!